பேச்சு எட்டும் தூரம்: சேர்வராயன் மலைக்கு ஒரு பிலிம் காமிரா

1

பழைய பிலிம் காமிராக்கள் மறுபடியும் விலைபோகத் தொடங்கியிருக்கின்றன. ஸ்டுடியோ அலமாரிகளில் தூசு படிந்து கிடந்தவை, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியவை என்று ஒதுக்கப்பட்டவை, இன்று ‘கிளாசிக்’ என்ற பட்டத்தோடு திரும்பி வருகின்றன. வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிதானம். செல்போனில் நூறு படம் எடுத்து ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்காத அலுப்பிலிருந்து, முப்பத்தாறு படத்துக்குள் யோசித்து எடுக்கும் பழக்கத்துக்குப் போக வேண்டும் என்கிறார்கள். இந்த விருப்பத்தைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் நிதானம் என்பது காமிராவுக்குள் இருக்கிறதா, காசு கொடுத்தால் கூடவே வந்துவிடுமா என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எனவே ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்போம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி என்று படம் எடுப்பதற்கென்றே வரிசைப்படுத்தி வைத்தது போன்ற இடங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள் ‘மலையாளிகள்’ எனப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலைவாசிகள் என்றுதான் பொருள்). ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனால் ஏற்காட்டுப் படம் என்று நாம் காணும் காலண்டரிலும், சுற்றுலா விளம்பரத்திலும், நம்முடைய செல்போனிலும் பனிமூட்டம் இருக்கும், சில்வர் ஓக் மரம் இருக்கும், ஏரிப் படகு இருக்கும். அந்த மக்கள் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் பெயரில்லாமல், ‘பழங்குடிப் பெண்’ என்ற தலைப்புக்குக் கீழே ஒரு மாதிரியாக இருப்பார்கள். இந்த இல்லாமைக்கும் இந்த மாதிரியாக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை எழுதியவை வேகமான காமிராக்கள் அல்ல என்பதுதான் நமக்குச் சங்கடமான செய்தி.

2

கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். சேலம் மாவட்டத்தில் ராயக்கோட்டையையும் பிற இடங்களையும் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வந்தன. மெழுகு தடவிய காகித நெகட்டிவ், முக்காலி, மூட்டை தூக்க ஆட்கள், ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் வெளிச்சம். இதைவிட நிதானமாக ஒருவர் படம் எடுக்க முடியாது. ஆனால் அந்த நிதானத்தில் பதிவது அசையாத பொருள்தான். கோட்டை பதியும், பாறை பதியும், கோபுரம் பதியும். குறுக்கே நடந்து போன ஆள் காற்றாகிவிடுவார். கம்பெனி அரசுக்குத் தேவைப்பட்டதும் ஏறத்தாழ இதுதான்: ஆள் இல்லாத நிலம்.

ஆள் தேவைப்பட்டபோது வந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஆனைமலைக் காடர்களையும் சேர்வராயன் மலையாளிகளையும் பற்றிய அவருடைய மானிடவியல் அறிக்கை அருங்காட்சியக வெளியீடாக 1899இல் வந்தது. 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய ஏழு தொகுதிகளை வெளியிட்டார். உயரம், தலையின் அகலம், மூக்கின் நீள அகல விகிதம் என்று அளந்து, அளவுகளின் சராசரியை எடுத்து, அதையே ஒரு சாதியின் ‘முகம்’ என்று நிறுத்துவது அவருடைய முறை. அந்தத் தொகுதிகளில் அளவுகளோடு படங்களும் கூடவே வருகின்றன. அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் அவரே வேடிக்கை போல எழுதி வைத்திருக்கிறார். தங்களில் நல்ல உருவங்களைப் பிடித்துப் போய்ப் பஞ்சடைத்து மதராஸ் மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று வயநாட்டுப் பணியர் பெண்கள் பயந்து ஓடினார்களாம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி அதன் பக்கத்தில் வர மறுத்தாராம். தர்ஸ்டனுக்கு இவை நகைச்சுவை. நமக்கு இவை காமிரா பற்றிய மிகத் துல்லியமான விமர்சனங்கள். தன் உருவத்தை வாங்கிக்கொண்டு போகிறவன் அதை எங்கே வைப்பான், யாருக்குக் காட்டுவான் என்பதை அந்தப் பெண்கள் சரியாகவே ஊகித்திருந்தார்கள்.

வால்டர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாறு பற்றிய கட்டுரையில், ஆரம்பகாலப் படங்களில் நீண்ட நேரம் அசையாமல் இருக்க நேர்ந்ததாலேயே மனிதர்கள் அந்தக் கணத்துக்குள் வாழ்ந்து படத்துக்குள் வளர்ந்தார்கள் என்ற கருத்தைச் சொல்கிறார். பிலிம் நிதானத்துக்கு ஆதரவாக இன்று அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது இதுதான். நல்ல கருத்து. ஆனால் அளவுகோலுக்கு முன்னால் நிறுத்தப்பட்டவருக்கும் நேரம் நீளமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவர் வளரவில்லை, சுருங்கினார். ஆகவே நேரத்தின் நீளம் ஒன்றுமே தீர்மானிப்பதில்லை. அந்த நேரம் யாருடைய கையில் இருக்கிறது, எதிரே நிற்பவர் அதற்குள் பேச முடியுமா, ‘வேணாம்’ என்று சொல்ல முடியுமா என்பதே தீர்மானிக்கிறது. காமிராவைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோலும் இங்கிருந்துதான் கிடைக்கிறது.

3

அப்படியானால் பிலிம் எதுக்கு? செல்போனே போதாதா?

பல சமயங்களில் போதும். அது மட்டுமல்ல, செல்போன்தான் வேண்டும். நில அளவைக்கு ஆள் வந்து நிற்கிறபோது, வனத்துறையோடு தகராறு நடக்கிறபோது, தோட்டத்தில் கூலி மறுக்கப்படுகிறபோது, பிலிம் சுருளைச் சுற்றிக்கொண்டு நிற்பது மடத்தனம். இன்று மலைக் கிராமத்து இளைஞர் கையிலும் காமிரா இருக்கிறது. படம் எடுக்கும் உரிமை வெளியிலிருந்து வருகிறவனின் ஏகபோகமாக இருந்த காலம் முடிந்ததற்கு அது காரணம். இதை மறந்துவிட்டு ‘பிலிம்தான் உண்மையான கலை’ என்று பேசுவது புகைப்படத்துக்குள் ஒரு மடி ஆசாரத்தைக் கொண்டுவருவதாகும்.

பிலிம் தருவது வேறு மூன்று. ஒன்று, எல்லை. பன்னிரண்டு அல்லது முப்பத்தாறு. எதை எடுக்காமல் விடுவது என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்தாக வேண்டும். இரண்டு, தாமதம். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. இதனால் எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் ஒரே நிலையில் காத்திருக்கிறார்கள். மூன்று, கடன். படத்தைக் காட்ட வேண்டுமானால் மறுபடியும் மலை ஏறித்தான் ஆக வேண்டும். இவை மூன்றும் தொழில்நுட்பக் குறைபாடுகள். குறைபாடுகளாக இருப்பதனாலேயே அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. காமிரா என்பது ஒரு நிரல், அதை இயக்குகிறவன் பெரும்பாலும் அந்த நிரலின் ஊழியன், சுதந்திரம் என்பது கருவிக்கு எதிராக விளையாடுவதில்தான் இருக்கிறது என்று விலெம் ஃப்ளுஸ்ஸர் 1983இல் எழுதிய புத்தகத்தில் வாதிட்டார். செல்போன் காமிராவின் நிரல், எடு, திருத்து, அனுப்பு என்று நம்மைத் தள்ளுகிறது. பழைய காமிராவின் நிரல் ஷட்டரோடு நின்றுவிடுகிறது. மீதியை நாம் செய்தாக வேண்டும்.

இயக்கங்களில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். செல்போன் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் எழுதப்பட்டிருக்கலாம். நமக்குத் தெரியாமலே அது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். நெகட்டிவ் அப்படியில்லை, அது இருக்கும் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினால் இந்தக் காப்பும் போய்விடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

4

இனி வாங்குகிற விஷயம். நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது: பாட்டரி செத்தால் காமிரா சாகுமா? கேனன் ஏ.இ.-1 (1976) அழகான காமிரா, ஆனால் ஆறு வோல்ட் பாட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையாது. அதன் உள்ளே இருக்கும் மின்சுற்று கெட்டால் மாற்றுவதும் கஷ்டம். பெண்டாக்ஸ் கே1000 (1976 முதல் 1997 வரை தயாரானது), நிக்கான் எஃப்.எம்.2 (1982 முதல் 2001 வரை) இரண்டிலும் ஷட்டர் முழுக்க இயந்திரம். பாட்டரி லைட் மீட்டருக்கு மட்டும். அந்தச் சின்னப் பட்டன் பாட்டரி இன்றும் கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். அறுபதுகளின் காமிராக்கள் பலவற்றுக்குப் பாதரச பாட்டரி தேவைப்பட்டது, அது இப்போது தயாரிப்பில் இல்லை. இயந்திர காமிராவை ஒரு நல்ல மெக்கானிக் பிரித்துப் பூட்ட முடியும் என்பதுதான் முக்கியம். பழுது பார்க்கும் கை இருக்கிற வரைக்கும்தான் பழைய காமிரா உயிரோடு இருக்கும்.

இரண்டாவது: காமிரா உங்கள் முகத்தை என்ன செய்கிறது? கண்ணில் வைத்துப் பார்க்கும் எஸ்.எல்.ஆர். காமிரா எடுப்பவரின் முகத்தை மறைத்துவிடும். எதிரே இருப்பவருக்குத் தெரிவது ஒரு கறுப்புப் பெட்டியும் கண்ணாடி வட்டமும்தான். யாஷிகா மேட் 124ஜி (1970 முதல் 1986 வரை) போன்ற இரட்டை லென்ஸ் காமிராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். நம்மூர் ஸ்டுடியோக்காரர்களுக்குப் பழக்கமான வகை இது. 120 பிலிமில் பன்னிரண்டு சதுரப் படங்கள். குவியத்தைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்து, முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஷட்டரை அமுக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. குனிந்து நிற்பவன் படம் எடுக்கிறான் என்றே தெரியாமல் போகலாம், திருட்டுத்தனமாக எடுக்கவும் இந்தக் காமிரா நன்றாக உதவும். கருவி வாய்ப்பை மட்டும் தருகிறது, ஒழுக்கத்தைத் தருவதில்லை.

மூன்றாவது: எவ்வளவு தூரத்தில் நிற்க வைக்கிறது? 35 மி.மீ. காமிராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு ஒன்றரை மீட்டரில் நின்றால், நெட்டுவாக்கில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் சட்டகத்துக்குள் வரும். அதாவது ஓர் ஆள் இடுப்பிலிருந்து தலை வரை. யாஷிகாவின் 80 மி.மீ. லென்ஸிலும் இதே கணக்குதான். ஒன்றரை மீட்டர் என்பது பேச்சு எட்டும் தூரம். அங்கே நின்றால் பெயரைக் கேட்டாக வேண்டும், நம் பெயரைச் சொல்லியாக வேண்டும், காப்பிப் பழம் பறிக்கிற கை ஏன் நிற்க வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 200 மி.மீ. லென்ஸ் இந்தப் பேச்சு முழுவதையும் மிச்சப்படுத்திக் கொடுக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் அது விலை அதிகம். சேர்வராயன் மலைக்குப் போகிறவர் டெலி லென்ஸை வாங்க வேண்டாம். காரணம் சிக்கனம் மட்டுமல்ல.

நான்காவது: வேறொருவர் கையில் கொடுக்க முடியுமா? ஆக்ஃபா கிளிக் III நினைவிருக்கலாம். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த, நம் நடுத்தர வர்க்கத்துக் குடும்ப ஆல்பங்கள் பலவற்றை நிரப்பிய பெட்டி. வெயில், மேகம் என்று ஓரிரண்டு குறிகள் மட்டும். வேகத்தை மாற்றும் வழி கிடையாது. மரநிழலில் அதிகம் உதவாது. ஆனால் இரண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்து இன்னொருவரிடம் நீட்டலாம், அவர் நம்மை எடுக்கலாம். தர்ஸ்டனின் அளவுகோல் ஒருபோதும் கை மாறியதில்லை. கை மாறும் காமிரா மலிவாக இருப்பது நல்லது, உடைந்துவிடுமோ என்ற பயம் நம் முகத்தில் தெரியாமலிருக்கும்.

5

மீட்டரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குள்ளும் ஒரு சராசரி மனிதன் உட்கார்ந்திருக்கிறான். காமிராவில் உள்ள லைட் மீட்டருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. எல்லாக் காட்சியும் சராசரியாகச் சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் இந்தக் கணக்கு தவறும். வெள்ளை மூட்டத்தைப் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்து, மூட்டத்தைச் சாம்பலாக்கிவிடும். அதன் முன்னே நிற்கும் கறுப்பு முகம் வெறும் நிழலாகிப் போகும். சராசரியை நம்பினால் முகம் காணாமல் போகிறது. இது மலையாளிகளின் ‘மூக்கு விகிதம்’ விஷயத்தில் நடந்ததற்கு வெகுதூரத்தில் இல்லை. வண்ணப் பிலிமின் கதையும் இதுதான். கோடக் பிரிண்டிங் இயந்திரங்களைச் சரிபார்க்கப் பல்லாண்டுகள் பயன்பட்ட ‘ஷெர்லி கார்டு’களில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடைய தோல்தான் ‘சரியான’ நிறமாக இருந்தது.

செய்ய வேண்டியது எளிது. மூட்டம் நிறைந்த காட்சிக்கு மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் அதிகம் கொடுங்கள். முகம் இருந்தால் (அனுமதி கேட்டு) பக்கத்தில் போய் முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து, அந்த அளவையே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. மீட்டரே வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. 400 வேகப் பிலிமில் நல்ல வெயிலுக்கு எஃப்16, 1/500. கனத்த மேகத்துக்கு எஃப்5.6, அதே வேகம்; சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளுக்கு நடுவே எஃப்4, 1/125. நிழல் இன்னும் கனத்தால் எஃப்2.8, 1/60. இரண்டு ரோல் எடுத்தால் கண்ணே பழகிவிடும்.

6

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. மலையில், கடற்கரையில் இருந்து வந்த காமிராக்களுக்கு இதுதான் முதல் வியாதி. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கக் கூடாது. பின்கதவைத் திறந்து, ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து அமுக்கினால் ஒரு செகண்டில் மூட வேண்டும், இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. துணி ஷட்டரானால் விளக்கைக் காட்டி ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள். கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் தார் மாதிரி ஒட்டினால் பயப்பட வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம். பாட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். தில்லி சாந்தினி சௌக்கின் குச்சா சௌத்ரி மார்க்கெட், பம்பாய் கோட்டைப் பகுதியின் போரா பஜார் இரண்டும் பேர்போன காமிராச் சந்தைகள். ஆனால் அவ்வளவு தூரம் போகுமுன் உங்கள் ஊரில் மூடப்போகும் ஸ்டுடியோவில் கேட்டுப் பாருங்கள். அங்கே காமிராவோடு, அதை முப்பது வருஷம் கையாண்ட மனிதரின் அறிவும் கிடைக்கும். ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காமலிருக்க முடிந்தால் நல்லது.

வாங்கிய பிறகு தோல் உறையைக் கழற்றி எறியுங்கள், ஈரத்தை இழுத்து வைத்திருப்பது அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். மழைக்காலம் முழுவதும் சும்மா வைக்காமல் அவ்வப்போது வெளிச்சத்துக்கு எடுங்கள். குளிரிலிருந்து புழுக்கமான அறைக்குள் வந்ததும் பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள், லென்ஸ் வியர்க்கும்.

7

பிலிம் கிடைக்கிறதா என்பது அடுத்த கேள்வி. கிடைக்கிறது, கப்பலேறி வருகிறது. ஒரு காலத்தில் இது தமிழ்நாட்டு மலையிலேயே தயாரானது. உதகமண்டலத்தில் பொதுத்துறை நிறுவனமாக 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும், பிரிண்ட் காகிதமும், எக்ஸ்-ரே பிலிமும் தயாரித்தது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கே இந்து நகர் என்று பெயர். தாராளமயத்தின் தொண்ணூறுகளில் நலிவுற்ற நிறுவனம் என்று முத்திரை குத்தப்பட்டு, இழுபறிக்குப் பின் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். இன்று ஒரு ரோலும் அதைக் கழுவும் கூலியும் சேர்ந்தால் காப்பித் தோட்டத்தில் ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடும். ‘நிதானம்’ என்று நாம் பேசுவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. நிதானமாக இருக்க முடிவதே ஒரு வசதி. ஆகவே கறுப்பு வெள்ளைப் பிலிமே போதும். கழுவும் வேலையை நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குளியலறையை இருட்டாக்கிச் செய்துகொள்ளலாம். வாசகர் வட்டம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமில்லை.

எடுத்த பின் நெகட்டிவ் யாருடையது? தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்கள் பெருமளவில் வெள்ளிக்காகச் சுரண்டி எடுக்கப்பட்டும் குப்பையில் போடப்பட்டும் அழிந்தன. மிஞ்சியவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு எண்மமாக்கினார்கள். அந்தப் படங்களில் சாதாரண மனிதர்கள், தாங்கள் விரும்பிய சட்டையோடு, தாங்கள் தேர்ந்த சாய்வில் நிற்கிறார்கள். படத்துக்குக் காசு கொடுத்தவர்கள் அவர்களே, படம் போனதும் அவர்கள் வீட்டுச் சுவருக்கே. ட்ரைப், தர்ஸ்டன் மரபுக்கு எதிரான மரபு நம்மூரிலேயே, தெருமுனை ஸ்டுடியோவில் இருந்திருக்கிறது. நாம் பின்பற்ற வேண்டியது அதைத்தான்.

நடைமுறையில் இதற்குப் பொருள் இவ்வளவுதான். ஒரு ரோலில் பாதியை எடுக்கப்படுபவர் சொல்வதற்கு விட்டுவிடுங்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டிய குழியை எடுக்கச் சொல்வாரோ, பேரக்குழந்தையை எடுக்கச் சொல்வாரோ, அது அவர் பாடு. ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஊர், தேதி மூன்றையும் நெகட்டிவ் உறையில் எழுதுங்கள்; தலைப்பில் சாதிப் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டும். பிரிண்ட் இரண்டு போடுங்கள், முதல் பிரதி மலைக்குப் போகட்டும். காமிராவுக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிரிண்டுக்கும் திரும்பிப் போகும் பஸ் செலவுக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எந்தக் காமிரா வருகிறதோ அதை வாங்குங்கள். அதற்கு ஒரு யாஷிகா வராமல் போகலாம். கிளிக் III வந்தால் போதும்.